லைட் கேபினில் கைவைக்கும் முன்

போன மாதம் எங்கள் தோல் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த பெண், வெண்புள்ளிக்காரர் ஒருவரின் அட்டையைப் பார்த்து, கடைசி ஒளி அளவோடு பத்து சதவீதம் கூட்டி லைட் கேபின் மெஷினில் அழுத்தப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் அழுத்தினேன், நிறுத்தத்தான் ஆளில்லை.

பெயர் சரிபார்ப்பது, கேபின் துடைப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

இடைவெளியை எண்ணாமல் கூட்டுவது

கேபினில் கொடுப்பது நாரோ பேண்ட் யூவிபி, அதாவது திட்டில் நிறம் வரவைக்கும் ஒரு வகைப் புற ஊதா ஒளி, வாரம் இரண்டு தடவை. 200 மில்லிஜூலில் ஆரம்பித்து ஒவ்வொரு தடவையும் பத்து சதவீதம் ஏற்றுவோம். தோல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவதால்தான் ஏற்ற முடிகிறது. ஆள் வராமல் போனால் அந்தப் பழக்கமும் போய்விடும். அட்டையில் உள்ள எண் மட்டும் அப்படியே நிற்கும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வந்தவர் விவசாயி. அறுவடை என்று பதினெட்டு நாள் வரவில்லை. அட்டையில் 800. நான் 880 வைத்தேன். "சரி தம்பி, வர்றேன்" என்று சிரித்துக்கொண்டே போனார். இங்கேதான் ஏமாறுகிறோம். யூவிபி சிவப்பு உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் ஏறும். ராத்திரி அவரால் சட்டை போட முடியவில்லை. மறுநாள் முதுகுத் திட்டுகள் செக்கச்செவேலென்று கொப்பளித்திருந்தன. திட்டில்தான் காப்பாற்ற நிறமி இல்லையே. தோள்பட்டை ஓரத்தில் நல்ல தோலும் வெந்திருந்தது.

புண் ஆறிவிட்டது. ஆனால் வெண்புள்ளி உள்ளவர்களுக்குக் காயம் பட்ட இடத்திலேயே புதுத் திட்டு கிளம்பலாம், கோப்னர் என்பார்கள். அந்தத் தோள்பட்டை ஓரத்தில் வந்தது. நிறம் வேண்டும் என்று இரண்டு மாதம் பஸ் ஏறி வந்தவருக்கு நான் கொடுத்தது அது.

எங்கள் கணக்கு இதுதான். நாலு நாள் முதல் ஒரு வாரம் வரை என்றால் பழைய அளவே. இரண்டு வாரம் வரை கால் பங்கு குறை. மூன்று வாரம் வரை பாதி. அதற்கு மேல் மறுபடி முதலிலிருந்து. அவருக்கு 400 போதும். அட்டை அச்சடித்த புண்ணியவான் தேதிக்குக் கட்டம் வைத்தான், இடைவெளிக்கு வைக்கவில்லை. இன்றும் நான் சிவப்புப் பேனாவில் கோடு போட்டு எழுதுகிறேன்.

எண்ணெய்

"மருந்து ஏதாவது போடுறீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். கார்போகரிசித் தைலத்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதில் சோராலென் இருக்கிறது, பூசிய இடத்தில் வெயில் பட்டாலே தோல் வெந்துவிடும். "என்ன எண்ணெய் தேய்க்கிறீங்க?" என்று கேளுங்கள்.

ஜட்டி

சிரிக்காதீர்கள். போன தடவையைவிட இரண்டு விரல் சின்னதாகப் போட்டு வந்தால், புதிதாக வெளியே தெரியும் தோலுக்கு முதல் நாளே 800.

கண்ணாடி

உள்ளே நிற்பவருக்குக் கண் காப்புக் கண்ணாடி போடாமல் கதவைச் சாத்தாதீர்கள்.

"சும்மா ஒரு நிமிஷம் நிக்கட்டுமா?"

விட்டமின் டி-க்கு என்று ஊழியர்களே கேட்கிறார்கள். வெளிநாட்டில் நிறத்துக்காகப் படுக்கும் டேனிங் படுக்கையை, 2009-ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை இருக்கும் முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் தருவது உறுதி என்ற பட்டியலில் வைத்தது. பிரேசில் அதே வருஷம் தடை போட்டது. நம் கேபினில் எரிவதும் புற ஊதாதான். டாக்டர் சீட்டு இல்லையா, வெளியே வெயில் இருக்கிறது.

புது ட்யூப்

கேபின் விளக்கை மாற்றிய அன்று மீட்டர் வைத்து ஒளியை அளக்காமல் யாரையும் உள்ளே விடாதீர்கள்.