கீழ அரிப்பு தாங்கலயா? வீட்டுல என்ன செய்யலாம், எதுல கைய வைக்கக் கூடாது

அந்தரங்க இடத்துல அரிப்பு வந்தா நம்மள்ல பல பேர் பண்ற மொத வேலை சோப்பு போட்டு நல்லா தேச்சு கழுவுறது. அடங்கலன்னா தண்ணில டெட்டால் ஊத்தி கழுவுறது. அதுக்கும் அடங்கலன்னா மெடிக்கல் ஷாப்ல ஆம்பளைங்க கூட்டம் குறையுற வரைக்கும் ஓரமா நின்னுட்டு, "அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்க"ன்னு மட்டும் சொல்லி, எங்க அரிப்புன்னு சொல்லாமலே வாங்கிட்டு வந்துடுறது. இந்த மூணுமே அரிப்ப ஜாஸ்தி பண்ற வேலைங்க. வீட்டு வைத்தியம்னு நான் சொல்லப்போறதுல பாதி, ஏற்கனவே பண்ணிட்டு இருக்குறத நிறுத்துறதுதான்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, வெளிப்பக்க தோலுக்கு வீட்டுல நிறைய செய்யலாம், உள்ளுக்குள்ள வீட்டு வைத்தியம்னு எதையும் விடக் கூடாது. உள்ள லாக்டோபேசில்லஸ்னு நல்ல பாக்டீரியா குடியிருக்கு, அது லாக்டிக் அமிலம் உண்டாக்கி அந்த இடத்த லேசா புளிப்பாவே வச்சிருக்கும், பிஹெச் கணக்குல 3.8ல இருந்து 4.5 வரைக்கும். அந்த புளிப்பு இருக்குற வரைக்கும் கெட்ட கிருமி பெருகுறது கஷ்டம். நம்ம சாதாரண சோப்பு புளிப்புக்கு நேரெதிரான காரத்தன்மை, பிஹெச் 9, 10 வரைக்கும் போகும். அத உள்ள விட்டு கழுவுனா அழுக்கு போகாது, காவலுக்கு இருந்த பாக்டீரியாதான் போகும். டிவில வர்ற வாசனை இன்டிமேட் வாஷும் அவசியமே இல்ல, உள்ள தன்னாலயே சுத்தமாகிக்கும்.

சரி, இப்ப ராத்திரி அரிப்பு உயிர் போகுது, உடனே என்ன பண்றது? சுத்தமான மெல்லிசு பருத்தித் துணிய குளுந்த தண்ணில நனைச்சு புழிஞ்சு அஞ்சு பத்து நிமிஷம் வெளிய ஒத்தி வைங்க. ஐஸ்கட்டிய நேரடியா வைக்காதீங்க, தோல் மரத்துப் போயி புண்ணாயிடும், துணில சுத்தி வைக்கலாம். அப்புறம் ஒத்தி எடுத்து ஈரம் போக காய விடுங்க, தேய்க்காதீங்க. காஞ்சதும் சுத்தமான தேங்காய் எண்ணெய் இல்லன்னா வாசனை இல்லாத வாஸ்லின் ரெண்டு சொட்டு அளவுக்கு வெளித்தோல்ல மட்டும் தடவிட்டு, ஜட்டி போடாம நைட்டியோட படுங்க. எண்ணெய்ல ஒரு விஷயம், பூஞ்சைய ஒழிக்கிறதுக்குன்னு நம்பி தடவாதீங்க, வறண்டு உரசுற தோலுக்கு ஒரு பூச்சு மாதிரி அது, அவ்வளவுதான். ஆணுறை யூஸ் பண்றவங்க ஞாபகம் வச்சுக்கோங்க, எண்ணெயும் வாஸ்லினும் ரப்பர் ஆணுறைய கிழிச்சிடும். நகத்த ஒட்ட வெட்டிடுங்க, தூக்கத்துல நம்ம கை நம்ம பேச்ச கேக்காது, சொரிஞ்சு சொரிஞ்சு தோல் கிழிஞ்சா மறுநாள் ஒண்ணுக்கு போறப்ப எரியுற எரிச்சல் இருக்கே, அது தனி.

ஆப்ப சோடா தண்ணில உக்கார்றது நிஜமாவே கொஞ்சம் எடுபடும். அகலமான பிளாஸ்டிக் டப்ல வெதுவெதுப்பான தண்ணி, லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கணக்குல சோடா கலந்து, இடுப்பு நனையுற மாதிரி பத்து நிமிஷம் உக்காந்து எந்திரிங்க, நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவ போதும். சூடா இருக்கக் கூடாது, சூட்டுல அரிப்பு அப்போதைக்கு இதமா இருக்குற மாதிரி தோணும், வெளிய வந்ததும் ரெண்டு மடங்கா வரும். சோடாவ பேஸ்ட் மாதிரி குழைச்சு பூசவும் வேண்டாம். வேப்பிலைய கொதிக்க வச்சு ஆற வச்சு வடிகட்டின தண்ணில வெளிய மட்டும் அலம்புறது நம்ம வீட்டு வழக்கம், ஒத்துக்கிட்டா பண்ணுங்க, ஆனா எரிஞ்சா உடனே நிறுத்திட்டு வெறும் தண்ணிக்கு மாறிடுங்க, "எரிஞ்சாதான் கேக்கும்"னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க.

இப்ப யூட்யூப்ல சுத்துற மத்த வைத்தியங்களுக்கு வர்றேன். பூண்ட உரிச்சு உள்ள வைக்கிறது, தயவுசெஞ்சு வேண்டாம், பச்சை பூண்டு மென்மையான தோல்ல நெசமாவே தீக்காயம் மாதிரி புண்ணாக்கும். எலுமிச்சம்பழம், வினிகர், படிகாரத் தண்ணி, உப்பு, டீ ட்ரீ ஆயில் எல்லாம் ஏற்கனவே சிவந்து கெடக்குற எடத்துல ஊத்துறதுக்கு இல்ல. மஞ்சளும் சில பேருக்கு தோல் அலர்ஜி குடுக்கும், அதுலயும் கடைல விக்கிற பொடில என்ன கலந்திருக்குன்னு யாருக்கு தெரியும். தயிர நல்லா சாப்பிடுங்க, உள்ள வைக்காதீங்க, தயிர்ல இருக்குற பாக்டீரியாவும் நம்ம உடம்புக்குள்ள அங்க இருக்குறதும் ஒரே வகை கெடையாது, கடைல வாங்குற தயிர்ல சர்க்கரையும் இருந்தா கேக்கவே வேண்டாம். இன்னும் சில பேர் போரிக் பவுடர் சொல்றாங்க, கேரம் போர்டுக்கு போடுறதெல்லாம் எடுத்து டாக்டர கேக்காம உள்ள வச்சிடாதீங்க, வாய்ல போனா விஷம், கர்ப்பிணிங்க தொடவே கூடாது.

"எல்லாம் உடம்பு சூடு"ன்னு வீட்டுல பெரியவங்க சொல்வாங்க. எளநீ, மோர், ஊறவச்ச வெந்தயம் எல்லாம் குடிங்க, தப்பே இல்ல, ஆனா பூஞ்சை வந்துட்டா எளநீ அத ஒண்ணும் பண்ணாது.

அதனால எந்த மாதிரி அரிப்புன்னு கொஞ்சம் கவனிக்கணும். ஒரு கைக்கண்ணாடி எடுத்து கதவ சாத்திட்டு நல்ல வெளிச்சத்துல பாருங்க, வெக்கப்பட என்ன இருக்கு, நம்ம உடம்புதானே. வெள்ளையா கெட்டியா ஒறைஞ்ச தயிர் மாதிரி திப்பி திப்பியா படுது, பெருசா வாடை இல்ல, சிவந்து வீங்கி அரிப்பு பயங்கரமா இருக்குன்னா பெரும்பாலும் கேண்டிடாங்குற பூஞ்சை. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதுக்கு அப்புறம், கர்ப்பத்துல, சர்க்கரை ஏறியிருக்குறப்ப இது ரொம்ப சாதாரணமா வரும், முக்கால்வாசி பொண்ணுங்களுக்கு வாழ்க்கைல ஒரு தடவையாவது வந்துடும்னு சொல்வாங்க. மெல்லிசா சாம்பல் கலந்த நிறத்துல தண்ணியா படுது, மீன் கவுச்சி அடிக்குது, அதுவும் உறவுக்கு அப்புறம் ஜாஸ்தியா அடிக்குதுன்னா அது பாக்டீரியா தொந்தரவு, அதுக்கு பூஞ்சை மருந்து வேலை செய்யாது. மஞ்சளும் பச்சையுமா நுரையோட வந்தா ட்ரைக்கோமோனாஸ்ங்குற கிருமியா இருக்கலாம், அது உறவு மூலமா பரவுறது, புருஷனுக்கும் சேத்து மருந்து குடுக்கணும், நமக்கு மட்டும் குடுத்தா திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கும்.

வெள்ளைப்படுதலே இல்ல, வாடை இல்ல, வெளிய மட்டும் எரிச்சலும் அரிப்பும்னா சந்தேகம் முழுக்க நீங்க யூஸ் பண்ற பொருள் மேல போகட்டும். புது பேட் பிராண்டு, வாசனை பேட், தெனமும் வைக்கிற பேன்ட்டி லைனர், துணி ஊறவைக்கிற கம்ஃபர்ட், முடி எடுக்குற க்ரீம். நெறைய பேர் கவனிக்காத ஒண்ணு, தலைக்கு குளிக்கிறப்ப ஷாம்பு நுரை மொத்தமும் முதுகு வழியா வழிஞ்சு நேரா அங்கதான் வந்து சேருது, அலசாம விட்டா அன்னைக்கு சாயந்தரமே நமநமன்னு ஆரம்பிக்கும். குனிஞ்சு தலைய மட்டும் அலசிப் பாருங்க. ஷேவ் பண்ணதுக்கு அப்புறம் முள்ளு மாதிரி முடி மொளைக்கிறப்ப வர்ற அரிப்பும் இந்த கணக்குதான், சின்ன கத்திரியால ட்ரிம் பண்ணிக்கிறது எவ்வளவோ மேல்.

தொடை இடுக்குல வட்ட வட்டமா, ஓரம் மட்டும் சிவந்து தடிச்சு பரவுதுன்னா அது படர்தாமரை. இங்கதான் அந்த மெடிக்கல் ஷாப் க்ரீம் கதை வருது. ஒரே டியூப்ல பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், கூடவே குளோபெட்டசால் இல்லன்னா பீட்டாமெத்தசோன்னு ஸ்டீராய்டும் கலந்து விக்கிறாங்க, போட்ட ரெண்டாம் நாள் அரிப்பு நின்னுடும், ஆஹா என்ன மருந்துடான்னு தோணும், நிறுத்துனதும் முன்ன விட பெருசா பரவும், தோலும் மெலிஞ்சு போயி கோடு கோடா விழும். டியூப் பின்னாடி பொடி எழுத்துல இருக்குறத படிங்க, இந்த பேர் எதாவது இருந்தா டாக்டர் சொல்லாம போடாதீங்க.

முன்னாடியும் டாக்டர் பாத்து பூஞ்சைன்னு சொல்லியிருக்காங்க, இப்பவும் அச்சு அசலா அதே மாதிரி இருக்கு, கர்ப்பமும் இல்லன்னா க்ளோட்ரிமசோல் மாத்திரை உள்ள வைக்கிறது வழக்கமான மருந்து, 500 மில்லிகிராம்னா ஒரே ராத்திரி, 100 மில்லிகிராம்னா ஆறு ராத்திரி. படுக்கப்போறப்ப வைக்கணும், இல்லன்னா ஒழுகிடும். வாய்ல சாப்பிடுற ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒரே மாத்திரைதான், ஆனா வேற மருந்து சாப்பிடுறவங்களுக்கு ஒத்துக்காம போகலாம், கர்ப்பிணிங்க சாப்பிடக் கூடாது, அதனால டாக்டர கேட்டுட்டே எடுங்க. ரெண்டு நாள்ல அரிப்பு நின்னாலும் கோர்ஸ பாதில விடாதீங்க.

திரும்ப வராம பாத்துக்கிறதுல முக்கால்வாசி துணி விஷயம்தான். நம்ம வீடுகள்ல ஜட்டிய எங்க காயப்போடுறோம்? மொட்டை மாடில எல்லாரும் பாப்பாங்கன்னு பாத்ரூம் கம்பில, அதுக்கும் மேல ஒரு துண்டையோ நைட்டியையோ போத்தி. அது காயுறதே இல்ல, மழைக்காலத்துல ரெண்டு நாள் ஆனாலும் ரப்பர் பட்டைகிட்ட சில்லுன்னு ஈரம் இருக்கும், அதையே எடுத்து மாட்டிட்டு பஸ் புடிச்சு வேலைக்கு போயி, மேல ஒரு இறுக்கமான லெகிங்ஸ், வேர்வை, சாயந்தரம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து அதோடயே சமையல். பூஞ்சைக்கு இத விட வசதியான எடம் கெடைக்காது. வெயில்ல காயப்போடுங்க, யார் பாத்தா என்ன, ஆம்பளைங்க ஜட்டி மட்டும் கொடி ஃபுல்லா தொங்குதுல்ல. வெயில் இல்லாத நாள்ல அயர்ன் பண்ணிடுங்க. காட்டன் வாங்குங்க, ஒரு சைஸ் தளர்வாவே வாங்குங்க, வேர்த்து நனைஞ்சா நடுவுல ஒரு தடவ மாத்துங்க. பீரியட்ஸ்ல கம்மியாத்தான் போகுதுன்னு ஒரே பேட நாள் முழுக்க வைக்காம நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்துங்க. கழுவுறப்ப முன்னாடி இருந்து பின்னாடி, இத சின்ன புள்ளைங்களுக்கும் சொல்லிக்குடுங்க.

சின்ன பொண்ணுங்க ராத்திரி ஆனா அங்க சொரிஞ்சுட்டு அழுதா பெரும்பாலும் கீரிப்பூச்சி, புழு மருந்து வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல சாப்பிட்டு, ரெண்டு வாரம் கழிச்சு திரும்பவும் சாப்பிடணும், டாக்டர்கிட்ட அளவு கேட்டுக்கோங்க. வயசானவங்களுக்கு, மாதவிடாய் நின்னவங்களுக்கு ஹார்மோன் கொறஞ்சு வறட்சில அரிப்பு வரும், அது பூஞ்சை இல்ல, அவங்களுக்கு வேற க்ரீம் இருக்கு. தோல் வெள்ளை வெள்ளையா திட்டு விழுந்து சுருங்குற மாதிரி இருந்தா "இந்த வயசுல இத போயி எப்படி காட்டுறது"ன்னு அம்மா மாமியார் யாராவது மறைச்சா விடாதீங்க, கூட்டிட்டு போங்க.

வருஷத்துல மூணு நாலு தடவ வருதுன்னா மொதல்ல சுகர் டெஸ்ட் எடுங்க, தனக்கு சர்க்கரை இருக்குன்னே இந்த அரிப்பு வந்துதான் சில பேருக்கு தெரிய வருது. ஏற்கனவே சுகர் இருக்குறவங்க மருந்துச் சீட்ட பாருங்க, டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி மாத்திரைங்க சர்க்கரைய ஒண்ணுக்கு வழியா வெளியேத்தும், அதனாலயே கீழ பூஞ்சை வரும். நீங்களா நிறுத்தாதீங்க, எழுதிக்குடுத்த டாக்டர்கிட்ட போயி இத வாய் விட்டு சொல்லுங்க.

மொத தடவையா வந்திருக்கு, கர்ப்பமா இருக்கீங்க, காய்ச்சல், அடிவயித்து வலி, கொப்புளம், புண்ணு, நடுவுல ரத்தம், இதுல எது இருந்தாலும் வீட்டுல சோடா தண்ணி வச்சுட்டு உக்காந்திருக்காதீங்க. காசு பிரச்சனைன்னா அரசு ஆஸ்பத்திரிங்கள்ல இந்த மாதிரி அந்தரங்க தொற்றுக்குன்னே சுரக்ஷா கிளினிக் இருக்கு, வெள்ளைப்படுதலுக்கு பச்சை கலர் பாக்கெட்டுல (கிட்) மருந்து ஃப்ரீயாவே குடுப்பாங்க. போறதுக்கு மொத நாள்ல இருந்து உள்ள எதுவும் வைக்காம, கழுவி விடாம போங்க, இல்லன்னா டெஸ்ட்டுக்கு எடுக்குறதுல ஒண்ணும் தெரியாது. இது வரைக்கும் போட்ட க்ரீம் டியூப் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, லேடி டாக்டர்தான் வேணும்னா சீட்டு போடுற எடத்துலயே கேளுங்க, உள்ள போனதும் "லேசா ஒரு மாதிரி இருக்கு டாக்டர்"னு இழுக்காம, எத்தன நாளா, என்ன நிறத்துல படுது, வாடை இருக்கா, என்னென்ன தடவுனீங்கன்னு நேரா சொல்லுங்க.