குளிர்காலத்தில் நான்கு நாள் ஐரோப்பா: எந்த ஊர் என்று முடிவு செய்வது எப்படி?

ஆஃப் சீசனில் நான் முதன்முதலாக ஏமாந்தது ஒரு கிரேக்கத் தீவில். ஜனவரி மாதம். கோடை விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு ரூம் கிடைத்த சந்தோஷத்தில் வேறெதையும் யோசிக்கவில்லை. போய் இறங்கினால் கடைத்தெருவில் முக்கால்வாசி ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. சாப்பாட்டுக் கடை நாற்காலிகளை அடுக்கி, பிளாஸ்டிக் தாள் போர்த்தி, கயிற்றால் கட்டிவைத்திருக்கிறார்கள். மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. திறந்திருந்த ஒரே மளிகைக் கடையில் ரொட்டியும் தக்காளியும் வாங்கிவந்து, ஹீட்டர் உறுமுவதைக் கேட்டபடி ரூமில் உட்கார்ந்திருந்தோம். மூன்று ராத்திரி.

தீவின் மேல் தப்பில்லை. அது கோடைக்கான ஊர். நான் போட்டோவைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்தேன், அந்த போட்டோ ஜூலையில் எடுத்தது. அதற்கப்புறம் ஒரு வழி வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் இருட்டிய பிறகு அந்த ஊர்க்காரர்கள் எங்கே போய் உட்காருகிறார்கள் என்று முதலில் பார்ப்பேன். அந்த இடத்தில் நமக்கும் ஓர் இடம் கிடைக்குமென்றால் அது போகக்கூடிய ஊர். முதல் முறையாகப் போகிறவர்களுக்காக அதைப் படிப்படியாகச் சொல்கிறேன். அலுவலக வேலையாக ஐரோப்பா வந்து இரண்டு மூன்று நாள் லீவு சேர்த்துக்கொள்கிறவர்களுக்கும், அங்கேயே இருந்துகொண்டு வாரக் கடைசியில் எங்காவது போக நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

படி 1: முதலில் வாரம், அப்புறம்தான் ஊர்

குளிர்காலம் முழுக்க ஆஃப் சீசன் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. டிசம்பர் ஆஃப் சீசன் கிடையாது. நவம்பர் நடுவிலேயே கிறிஸ்துமஸ் சந்தைகள் திறக்கத் தொடங்கிவிடும். வியன்னா, பிராக் போன்ற ஊர்களில் சனி, ஞாயிறு ரூம் விலை எகிறும். புத்தாண்டு முடிந்தாலும் உடனே ஓயாது. ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள். ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்பெயின் மூன்றிலும் அரசு விடுமுறை.

ஆக, நிஜமாகவே ஊர் ஓய்ந்திருக்கும் வாரங்கள் இரண்டு தொகுப்பு. ஒன்று, நவம்பர் 1 புனிதர் அனைவர் திருநாள் விடுமுறை கழிந்து சந்தைகள் திறக்கும் வரை. இன்னொன்று, ஜனவரி 7 தொடங்கி பிப்ரவரி முதல் வாரம் வரை. பிப்ரவரியில் பள்ளி விடுமுறைகளும் வெனிஸ் கார்னிவலும் வந்துவிடும்.

இதற்குள்ளும் வெளியேயும் கண்ணிவெடி உண்டு. மிலனில் ஃபேஷன் வாரம் நடந்தால் ரூம் கிடைப்பதே கஷ்டம். பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம் வாக்கில் பார்சிலோனாவில் மொபைல் கண்காட்சி, அப்போது அங்கேயும் இதே கதைதான். ஒவ்வொன்றையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நீங்கள் போகும் வாரத்தின் ரூம் விலையையும், அதற்கு முந்தைய, பிந்தைய வார விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடு வாரம் மட்டும் இரண்டு மடங்கு என்றால் ஊரில் ஏதோ நடக்கிறது, நகர்ந்துவிடுங்கள்.

படி 2: சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது?

பயணத் திட்டம் போடுகிறவர்கள் வெப்பநிலையைப் பார்ப்பார்கள், மழையைப் பார்ப்பார்கள், இதை மட்டும் விட்டுவிடுவார்கள். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம், இருட்டுக்கு என்ன போடுவது? ஜனவரி 20 வாக்கில் சூரியன் மறையும் நேரம், தோராயமாக:

ஸ்டாக்ஹோம் 3.30
வியன்னா 4.35
ரோம் 5.10
ஏதென்ஸ் 5.30
லிஸ்பன் 5.40
மாட்ரிட் 6.15

ரோமும் மாட்ரிட்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருப்பவை. ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். ஸ்பெயின் இருப்பது லண்டனுக்கு நேர் தெற்கே. கடிகாரத்தை மட்டும் 1940 முதல் பெர்லின் நேரத்தில் ஓட்டுகிறது. அதனால் அங்கே காலை எட்டரை மணிக்குத்தான் விடியும், மாலை நீளும். காலையில் மெதுவாக எழுந்திருக்கும் குடும்பத்துக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது.

வெளிச்சம் கம்மியான ஊர்களை உடனே அடித்துவிட வேண்டாம். அடுத்த படியில் அவற்றில் சில தப்பிக்கும்.

படி 3: கூரை கணக்கு

ஒரு தாளில் ஊரின் பெயரை எழுதி, அதன் கீழே கூரைக்கு உள்ளே அரை நாளாவது செலவழிக்கக்கூடிய மூன்று விஷயங்களை எழுதுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே பிடித்ததாக இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது மாலை ஆறு மணிக்கு மேல் திறந்திருக்க வேண்டும். மூன்று தேறவில்லையா, அந்த ஊரைக் கோடைக்கு ஒதுக்கிவையுங்கள்.

நாலரைக்கே இருட்டும் வியன்னாவை இந்தக் கணக்கில் போட்டுப் பார்ப்போம்.

முதலில் அரசு ஓப்பரா அரங்கம். ஓப்பரா என்றால் பாட்டாகவே நடக்கும் நாடகம். செப்டம்பர் முதல் ஜூன் வரைதான் அதன் சீசன். ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். ஜனவரியில் போனால் கிட்டத்தட்ட தினமும் நிகழ்ச்சி, அதுவும் அடுத்தடுத்த நாள் வேறு வேறு ஓப்பரா. நல்ல இருக்கைக்கு நூறு யூரோவுக்கு மேல் ஆகும். ஆனால் நின்று பார்க்கும் டிக்கெட் என்று ஒன்று உண்டு, அன்றன்றைக்கு விற்பார்கள், இருபது யூரோவுக்குள் முடிந்துவிடும். அதில் தரைத்தளத்து இடம் கிடைத்தால் விடாதீர்கள். அரங்கின் பின்புறம் நடுவில், மேடைக்கு நேர் எதிரே நிற்பீர்கள். கோட்டை வெளியே கொடுத்துவிட்டு உள்ளே போனால், நிற்கும் வரிசைகளுக்கு முன்னால் கைப்பிடிக் கம்பி இருக்கும். ஆளாளுக்குக் கழுத்து மப்ளரை அவிழ்த்து அந்தக் கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். மப்ளர் இருக்கும் இடம் அவருடையது. நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். என்ன, இங்கே துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு யாரும் உட்காருவதில்லை. கம்பியிலேயே சின்னத் திரை இருக்கும், பாட்டின் பொருள் ஆங்கிலத்தில் ஓடும். மூன்று மணி நேரம் நிற்க முடியாதென்றால் இடைவேளையில் கிளம்பிவிடலாம், கொடுத்த காசுக்கு மனசு வலிக்காது. வெளியே வரும்போது படிக்கட்டை ஒரு தடவை பாருங்கள். அது 1869இல் அரங்கம் திறந்தபோது இருந்த அதே படிக்கட்டு. நீங்கள் நின்ற கூடம் 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் எரிந்துபோய், திரும்பக் கட்டி 1955இல் திறந்தது.

இரண்டாவது, குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷெஸ் அருங்காட்சியகம். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, டிராம் ஓட்டுநரிடம் யாரும் சொல்லிக் காட்டப்போவதில்லை. வியாழக்கிழமை இரவு 9 மணி வரை திறந்திருக்கும். அங்கே பீட்டர் புரூகலின் ஓவியங்கள் ஒரே அறையில் ஒரு டஜன். உலகத்தில் வேறெங்கும் அவர் ஓவியம் இத்தனை சேர்ந்து இல்லை. 1565இல் வரைந்த பனிக்கால வேட்டைக்காரர்கள் ஓவியத்தின் முன்னால் பெஞ்சில் உட்காருங்கள். வேட்டைக்குப் போனவர்கள் தோள் தொங்கத் திரும்பி வருகிறார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்துக் கிடைத்தது ஒரே ஒரு நரி. நாய்களும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் வருகின்றன. கீழே உறைந்த குளத்தில் ஊர்ச் சனம் சறுக்கி விளையாடுகிறது. பூட்ஸில் ஒட்டிய பனி இன்னும் கரையாமல் உட்கார்ந்து இதைப் பார்ப்பதும், ஜூலையில் வியர்த்து விறுவிறுத்துப் பார்ப்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது, காபிக் கடை. ஒரு காபி வாங்கினால் வெள்ளித் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு வரும். மரச்சட்டத்தில் மாட்டிய செய்தித்தாள்கள் தொங்கும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். ஆக, வியன்னாவுக்கு மூன்றும் தேறுகிறது.

மாட்ரிட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிராடோ அருங்காட்சியகம் இரவு 8 வரை, ஞாயிறு மட்டும் 7 வரை. கடைசி இரண்டு மணி நேரம் தினமும் இலவசம். கொஞ்ச தூரம் நடந்தால் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் பிக்காசோவின் ‘குவெர்னிக்கா’ ஓவியம். அப்புறம் ஒன்பது மணிக்கு மேல்தான் ஊரே சாப்பிட உட்காரும்.

ஏதென்ஸ் நடுத்தரம். அக்ரோபோலிஸ் குன்று திறந்த வெளி. மழை பெய்தால் பளிங்குப் பாறை வழுக்கும். ஆனால் அடிவாரத்து அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை இரவு 10 வரை உண்டு. லிஸ்பனில் அதிக மழை பெய்வது நவம்பர் முதல் ஜனவரி வரைதான். அந்த ஊரின் அழகே மேடும் பள்ளமுமான தெருக்களும் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கல் பதித்த நடைபாதையும்தான். அந்தக் கல் நனைந்தால் எண்ணெய் தடவிய மாதிரி. என்னைக் கேட்டால் லிஸ்பனை ஏப்ரலுக்குத் தள்ளிவைப்பேன்.

படி 4: வார விடுமுறையும் பழுதுபார்ப்பும்

நான்கு நாள் பயணத்தில் ஒரு நாள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் கால்வாசி போச்சு. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாயில் மூடும், அதே ஊரின் ஓர்சே அருங்காட்சியகம் திங்களில் மூடும். ரெய்னா சோஃபியாவுக்குச் செவ்வாய் விடுமுறை. வியன்னாவில் புரூகல் அறை இருக்கும் அருங்காட்சியகம் குளிர்கால மாதங்களில் பொதுவாகத் திங்கள் விடுமுறை. ஆகவே ஞாயிறு, திங்கள், செவ்வாய் உங்கள் நாட்களில் விழுகிறதா என்று பாருங்கள். ஆஸ்திரியாவில் ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட்டும் திறக்காது. சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கிவைத்துவிடுங்கள்.

பழுதுபார்க்கும் வேலைகளைப் பெரும்பாலும் கூட்டம் இல்லாத மாதங்களில்தான் வைத்துக்கொள்வார்கள். சில இடங்களில் அது வருடக்கணக்கில் போகும். பாரிஸின் பாம்பிடு கலை மையம் 2025 செப்டம்பரில் மூடியது, 2030 வரை திறக்காது. பெர்லினின் பெர்கமோன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரில் மூடியது. பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல், அந்தந்த இடத்தின் சொந்த இணையதளத்தில் உங்கள் தேதியைப் போட்டுப் பாருங்கள். வியன்னா ஓப்பராவில், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழன் நடன விருந்து. அதற்காக இருக்கைகளையே கழற்றிவிடுவார்கள், அதையொட்டிய சில நாட்கள் நிகழ்ச்சி கிடையாது.

படி 5: வாசலிலிருந்து வாசல் வரை

விமான நேரத்தை மட்டும் கணக்குப் போடாதீர்கள். நேரடி விமானம் இல்லாத ஊர் என்றால் நான்கு நாளுக்கு வேண்டாம். வியன்னா, மாட்ரிட், லிஸ்பன் மூன்றிலும் விமான நிலையத்திலிருந்து ரயிலோ மெட்ரோவோ நேராக ஊருக்குள் கொண்டுவந்து விடும், அரை மணிக்கு மேல் ஆகாது.

படி 6: விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. இப்போது 29 நாடுகள் அதற்குள். கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாளாவது முன்னால் கொடுக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஊரை முதலில் முடிவு செய்யச் சொல்வது இதற்காகவும்தான். லண்டனும் டப்ளினும் இதில் சேராது.

போட்டுப் பார்த்த கணக்கு ஒன்று

என் அக்கா ஆபீஸ் வேலையாக ஃபிராங்ஃபர்ட் வந்தபோது அத்தானும் கூட வந்தார். ஜனவரி கடைசி வாரம், கையில் நான்கு ராத்திரி. விசா ஜெர்மனி கொடுத்தது, அங்கேதான் அதிக நாள், அதனால் சிக்கல் இல்லை. ஐந்து ஊர் எழுதினோம். ஸ்டாக்ஹோமை அக்கா மூன்றரை மணி என்று கேட்டதுமே அடித்துவிட்டாள். அத்தானுக்கு முழங்கால் வலி, லிஸ்பன் போயிற்று. ஏதென்ஸில் அவர்கள் தங்கும் நாட்களில் வெள்ளிக்கிழமை வரவில்லை. மிச்சம் வியன்னா, மாட்ரிட்.

“உனக்குத்தான் பாட்டுப் பிடிக்குமே, வியன்னா போ” என்றேன்.

“மூணு மணி நேரம் உங்க அத்தான் நிப்பாரா?” என்றாள்.

அத்தான் இதையெல்லாம் கேட்காமல் வேறொரு கணக்கில் இருந்தார். “மாப்ள, அந்த மியூசியம் ஆறு மணிக்கு மேல நிஜமாவே சும்மாவா?”

மாட்ரிட் என்று முடிவானது. நானாக இருந்தால் வியன்னாதான். ஆனால் பயணம் அவர்களுடையது. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 மீட்டர் உயரம், பகல் வெயிலை நம்பி மெல்லிய ஸ்வெட்டரோடு போகாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

இலவச நேரத்துக்கு ஐந்தேகாலுக்கே வரிசையில் போய் நின்றிருக்கிறார்கள். பிராடோவில் போட்டோ எடுக்க விடமாட்டார்கள், அதனால் வாட்ஸாப்பில் ஒன்றும் வரவில்லை. இரவு போன் வந்தது. 12ஆம் எண் அறையில் வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ முன்னால் பெல் அடிக்கும் வரை நின்றார்களாம். ராஜகுமாரியைப் பற்றியோ கண்ணாடியில் தெரியும் ராஜா ராணியைப் பற்றியோ அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“கீழே ஒரு பெரிய நாய் படுத்திருக்கு பாரு, அதை ஒரு பையன் காலால மிதிக்கிறான். அது கண்ணைக்கூட முழுசாத் திறக்கல. அதைப் பார்த்துக்கிட்டே உங்க அத்தான் அரை மணி நேரம் நின்னாரு. முழங்கால் வலி எங்க போச்சுன்னு தெரியல.”