கோலி சோடா பாட்டிலை அடைப்பது எப்படி?

கோலி சோடாவுக்குத் தனியாக மூடி கிடையாது. உள்ளே இருக்கும் கேஸ்தான் கோலியை மேலே தள்ளி வாயை அடைக்கிறது. லண்டனைச் சேர்ந்த ஹைரம் காட் 1870களில் காப்புரிமை பெற்ற முறை இது. அதற்கு முன்பு கார்க்கைக் கம்பியால் கட்டி, அது காய்ந்து சுருங்காமல் இருக்க பாட்டிலைப் படுக்க வைத்திருப்பார்கள். அந்தத் தொல்லையை ஒரு கண்ணாடிக் கோலி தீர்த்துவிட்டது!

முதல் வேலை, வாஷரைப் பாருங்கள். பாட்டில் வாயின் உள்பக்கத்தில் ஒரு பள்ளம் ஓடும். அதில்தான் ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். விரலால் சுற்றித் தடவுங்கள். வெடிப்போ, விறைப்போ தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். சோடா "புஸ்" என்று போய்விட்டது என்றால் பெரும்பாலும் கோலி மேல் குற்றம் இருக்காது, இந்த ரப்பர்தான் காரணம். கண்ணாடியில் கீறல் இருந்தால் அந்தப் பாட்டிலே வேண்டாம். அழுத்தம் ஏறும்போது வெடிக்கும்.

அடுத்து, நன்றாகக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். குளிர்ந்த நீரில்தான் கேஸ் அதிகம் கரையும். பன்னீரோ எலுமிச்சைச் சாறோ சேர்ப்பதானால் இப்போதே சேர்த்துவிடுங்கள். கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள்.

பிறகு பாட்டிலை சோடா மெஷினில் பொருத்தி, வலைக்கூண்டை மூடி, கேஸைத் திறந்து கைப்பிடியைச் சுற்றுங்கள். பாட்டில் புரளப் புரள கேஸ் தண்ணீரில் கலக்கும். கடைசியில் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்துங்கள். முக்கியமான கட்டம் இதுதான். கோலி தன் எடையால் உருண்டு வந்து வாஷர்மேல் உட்காரும். கேஸை நிறுத்தியதும் வெளியே அழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் அழுத்தம் கோலியை ரப்பரோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இனி நிமிர்த்தினாலும் கோலி விழாது. இந்த வேலையை மெஷின் தெரிந்தவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் பழக வேண்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, குடிப்பது எப்படி? கட்டையாலோ கட்டைவிரலாலோ கோலியை அழுத்துங்கள். கேஸ் வெளியேறியதும் அது கழுத்தின் இடுக்கில் இறங்கி நிற்கும், அந்த இடுக்கைத் தாண்டி பாட்டிலுக்குள் போகாது. கழுத்தில் ஒரு பக்கம் இரண்டு குழிகள் இருக்கும். ஊற்றும்போது அந்தப் பக்கம் கீழே இருக்கட்டும். கோலி குழியில் மாட்டிக்கொள்ளும், சோடா தடையில்லாமல் வரும்.