காலம் மாற்றிய ஓப்பரெட்டாவும் அவையின் கூச்சலும்: மதிப்பிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய நகைச்சுவை ஓப்பரெட்டா (பாட்டும் வசனமும் கலந்த இலகுவான இசைநாடகம்) ஒன்றை வேறொரு காலத்துக்கோ இடத்துக்கோ மாற்றி மேடையேற்றினால், அரங்கில் எழுந்த கைத்தட்டலையும் கூச்சலையும் பற்றி மறுநாள் எழுதப்படுபவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. மூத்த ரசிகர்கள் வெகுண்டார்கள், இளையவர்கள் மகிழ்ந்தார்கள் என்பதே அந்த அச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கில்பர்ட் வசனமும் பாடலும் எழுத, சல்லிவன் இசையமைக்க, இருவரும் சேர்ந்து படைத்தவற்றின் மேடை வரலாற்றையும், வியன்னா ஓப்பரெட்டாக்களின் வரலாற்றையும் நிதானமாகப் பார்த்தால் இந்தக் கணக்கு எங்கும் நேராக வருவதில்லை. அவையினர் எவ்வளவு சத்தமிட்டார்கள் என்பதைப் பதிவுசெய்துவிட்டு, எதற்காகச் சத்தமிட்டார்கள் என்று கேட்காமல் விடுவதிலிருந்தே மற்றத் தவறுகள் பிறக்கின்றன.

ரசிகர்கள் 'மரபு' என்று சொல்வதை ஆசிரியரே வகுத்தது என அப்படியே ஏற்றுக்கொள்வது அவற்றுள் மிகப் பரவலானது. லண்டன் சவாய் அரங்கில் கில்பர்ட் தாமே ஒத்திகை நடத்தி, எந்த வரியில் நடிகர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது வரை கட்டளையிட்டவர் என்பது உண்மைதான். அவர் 1911-இல் மறைந்த பிறகும் அவருடைய படைப்புகளை அரங்கேற்றிவந்த டாய்லி கார்ட் குழுவே 1961 முடியும் வரை பிரிட்டனில் இவற்றைத் தொழில்முறையில் மேடையேற்றும் உரிமையைத் தன் கையில் வைத்திருந்தது. ஆகவே பல தலைமுறை ரசிகர்கள் கண்டது ஒரே குழுவின் நடையையும் அசைவையும்தான். ஆனால் அந்தக் குழுவே, ஜப்பானில் நடப்பதாக அமைந்த 'மிகாடோ' ஓப்பரெட்டாவின் உடைகளை 1926-இல் ஓவியர் சார்லஸ் ரிக்கெட்ஸைக் கொண்டு புதிதாக வடிவமைத்துக்கொண்டது. இதே இணையின் 'ரடிகோர்' 1920-களில் மீண்டும் மேடைக்கு வந்தபோது சில பகுதிகள் வெட்டப்பட்டன. ஜெஃப்ரி டாய் எழுதிய புதிய முன்னிசையும் சேர்ந்துகொண்டது. மூத்த ரசிகர் ஒருவர் "மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று வருந்தும்போது, அவர் மனத்தில் இருக்கும் மூலம் பல சமயம் ஆசிரியர் மறைந்த பின் உருவான ஒன்றாக இருக்கிறது. இதனால் அவருடைய வருத்தம் பொய்யாகிவிடாது. தாம் வளர்ந்த ஒரு நடிப்பு முறையை அவர் இழந்திருக்கிறார். அதை ஆசிரியரின் பெயரில் அவர் முறையிடுகிறார், அவ்வளவே. அந்த ஆசிரியரின் சொந்த இயக்கமும் அவையின் சீற்றத்துக்குத் தப்பவில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்: 1887 ஜனவரியில் 'ரடிகோர்' முதன்முதலாக அரங்கேறிய இரவிலேயே எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன, சில நாள்களில் தலைப்பின் எழுத்துகூட மாற்றப்பட்டது.

'நவீனமாக்கல்' என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு செயல்களைக் கட்டிவைப்பது அடுத்த பிழை. உடையையும் இடத்தையும் மாற்றுவது ஒன்று. வசனத்தைத் திருத்துவது வேறு. வாத்திய அமைப்பையும் பாடுமுறையையும் மாற்றுவது முற்றிலும் வேறு. 1986-இல் லண்டனின் இங்கிலீஷ் நேஷனல் ஓப்பராவுக்காக ஜொனதன் மில்லர் இயக்கிய 'மிகாடோ'வில் ஜப்பான் துளியும் இல்லை. கதை நடந்த இடம் இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்து ஆங்கிலேயக் கடற்கரை விடுதி; வெள்ளைச் சுவர், வெள்ளை உடை. ஆனால் சல்லிவனின் இசையை ஓப்பராப் பாடகர்களும் முழு வாத்தியக்குழுவும் கையாண்டார்கள். பல ஆண்டுகளுக்கு மீண்டும் மீண்டும் மேடையேறும் அளவுக்கு அது நிலைபெற்றது. 1980-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஜோசப் பாப் தயாரித்த 'பென்சான்ஸ் கடற்கொள்ளையர்' இதற்கு நேர்மாறு. கடற்கொள்ளையர் கடற்கொள்ளையராகவே இருந்தார்கள், காலமும் மாறவில்லை, இசை மாறியது. வாத்தியங்கள் புதிதாக அமைக்கப்பட்டன, லிண்டா ரான்ஸ்டாட் போன்ற பாப் இசைப் பாடகி கதாநாயகியானார், இதே இணையின் வேறு படைப்புகளிலிருந்து பாடல்கள் எடுத்துச் செருகப்பட்டன. பிராட்வேயில் 700 காட்சிகளுக்கு மேல் ஓடிய அதைக் கொண்டாடியவர்கள் பலர். இசையில் கைவைத்ததற்காக ஏற்க மறுத்தவர்களும் இருந்தார்கள். மில்லரின் வெள்ளை விடுதியை மனமார ரசித்த ஒருவர் ஜோசப் பாப்பின் மின்னிசைக் கருவிகளைக் கேட்டு முகம் சுளித்தால், அதில் முரண் எதுவும் இல்லை. படைப்பின் உயிர் இசையில் இருப்பதாக நினைப்பவருக்குத் திரைச்சீலையும் தொப்பியும் பொருட்டல்ல. என் கருத்தும் ஏறத்தாழ அதுவே. ஆனால் ஜோசப் பாப்பின் வடிவத்தில் இருந்த துள்ளல் பல 'மரபு'க் குழுக்களிடம் நெடுங்காலமாக இல்லாமற்போயிருந்தது என்பதையும் மறைக்க முடியாது.

சொற்களின் மாற்றத்தைப் பற்றிய சண்டையில் இரு தரப்பும் வழுக்குகின்றன. 'மிகாடோ'வில் மரணதண்டனை அதிகாரியான கோ-கோ, ஒழிந்தாலும் யாரும் வருந்தமாட்டார்கள் என்று தான் கருதுபவர்களின் பட்டியலைப் பாடுகிறார். அதில் அன்றைய அரசியல்வாதிகளைச் சேர்ப்பது அத்துமீறல் என்று குறைகூறுபவர்கள், கில்பர்ட்டே அப்பாட்டின் கடைசிப் பகுதியில் அரசியல்வாதிகளைப் பெயர் சொல்லாமல் விட்டு, வெற்றிடங்களை நிரப்பும் வேலையைக் கேட்பவர்களிடமே ஒப்படைத்திருப்பதைக் கவனிப்பதில்லை. அதே பாட்டில் கறுப்பின மக்களை இழிவாகச் சுட்டிய ஒரு சொல் 1948-இல் நீக்கப்பட்டது. அதைச் செய்ததும் மரபின் காவலரான டாய்லி கார்ட் குழுதான். மறுதரப்போ, ஒரு பாட்டில் ஆசிரியர் கதவைத் திறந்துவைத்தார் என்பதற்காக எல்லா வசனத்துக்கும் அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. கில்பர்ட்டின் நகைச்சுவை எதுகையிலும், சட்ட ஆவணம் போன்ற முறுக்கான தர்க்கத்திலும் நிற்பது. அங்கே ஒரு தொலைக்காட்சித் துணுக்கைச் செருகினால் அந்த நொடியில் சிரிப்பு எழும், பின்னால் வரும் வரியின் கட்டுமானம் சரிந்துவிடும். காட்சிக்குப் புறம்பான சேட்டை ஒன்றைக் கைவிடச் சொன்னபோது, அதற்கு அவையில் பெருஞ்சிரிப்பு கிடைக்கிறதே என்று நடிகர் வாதாட, பன்றியிறைச்சிப் பண்டத்தின் மேல் உட்கார்ந்தாலும் அது கிடைக்குமே என்று கில்பர்ட் பதிலளித்ததாக ஒரு கதை வழங்குகிறது. சிரிப்பைச் சான்றாகக் காட்டி மேடையாக்கத்தை நியாயப்படுத்துபவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான மறுமொழி கிடையாது.

'மிகாடோ'வைப் பொறுத்தவரை இன்னொரு தவறு அண்மைக்காலத்தில் பெருகியிருக்கிறது. மாற்றத்தை எதிர்க்கும் மரபுப் பற்றாளரின் குறையையும், மாற்றாமல் விட்டதை எதிர்க்கும் ஆசிய வம்சாவளியினரின் குறையையும் 'ரசிகர்களின் அதிருப்தி' என்று ஒரே மூட்டையில் கட்டுவது அது. 2015-இல் நியூயார்க் கில்பர்ட் அண்ட் சல்லிவன் பிளேயர்ஸ் தம் 'மிகாடோ'வை ரத்துசெய்யக் காரணம், ஆசியரல்லாதவர்கள் ஜப்பானியராக வேடமிட்டு நடிப்பது பற்றி எழுந்த எதிர்ப்பு. கதை கேலி செய்வது பிரிட்டனைத்தானே என்ற வழக்கமான பதில் உண்மையானது; ஆனால் அது இலக்கியம் பற்றிய பதில், எழுப்பப்பட்ட கேள்வியோ முகச்சாயத்தைப் பற்றியது. அக்குழு பின்னர் படைப்பாளிகளையே பாத்திரங்களாக்கிய ஒரு முன்காட்சியோடு அதைப் புதிதாக மேடையேற்றியது. எதிர்ப்பின் பொருளைச் சரியாகப் படித்ததால்தான் படைப்பைக் கைவிடாமலேயே அவர்களால் அதற்கு விடைகாண முடிந்தது.

புதுமை என்று பழிக்கப்படுவது சில வேளைகளில் மூலத்தின் சொந்தக் காலமாகவே இருந்துவிடுகிறது. இதற்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஸெம்பர் ஓப்பரா அரங்கில் நடந்ததைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஹங்கேரிய இசையமைப்பாளர் எம்மரிச் கால்மானின் 'சார்தாஷ் இளவரசி' ஓப்பரெட்டா முதன்முதலாக வியன்னாவில் மேடையேறியது 1915 நவம்பரில். முதல் உலகப்போர் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்த நேரம். 1999 டிசம்பர் இறுதியில் இயக்குநர் பீட்டர் கொன்விட்ச்னி அதை டிரெஸ்டனில் அந்தப் போரின் பதுங்குகுழிகளுக்குள் கொண்டுவைத்தார். தலையிழந்த போர்வீரன் ஒருவன் மேடையில் நடனமாடினான். அவை கொந்தளித்தது. அரங்கின் நிர்வாகம் சில காட்சிகளை நீக்கியது, இயக்குநர் நீதிமன்றம் சென்றார், தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. இதை மட்டும் படிப்பவர், நவீனத்தை ஜீரணிக்க முடியாத அவை என்று முடிவுகட்டிவிடுவார். ஆனால் அங்கே காலம் முன்னோக்கி மாற்றப்படவில்லை. அந்த மெட்டுகள் பிறந்த ஆண்டின் நிலவரமே மேடைக்கு வந்தது. மேலும் ஜெர்மன் மொழி பேசும் நகரங்களில் ஆண்டு முடிவில் ஓப்பரெட்டாவுக்குச் செல்வது ஒரு குடும்பக் கொண்டாட்டம். புத்தாண்டு மனநிலையில் நல்லுடை அணிந்து வந்தவர்களுக்குப் பிணங்களைக் காட்டியதில் இயக்குநரின் வாதம் வலுவானதே, ஆனால் அது எந்த நாளில், யார்முன் வைக்கப்பட்டது என்பதும் கூச்சலின் ஒரு பாதி. அதே காட்சி மார்ச் மாதத்து வார நாள் ஒன்றில் முதன்முதலாக வந்திருந்தால் எதிர்ப்பு இருந்திருக்காது என்று சொல்லமாட்டேன். இந்த அளவு இருந்திருக்குமா என்பதே என் ஐயம்.

இறுதியாக, முதல்நாள் இரவை முழு ஓட்டத்தின் அளவுகோலாக்குவது. ஜெர்மனி, ஆஸ்திரியா அரங்குகளில் இயக்குநரும் காட்சி, உடை வடிவமைப்பாளர்களும் திரைக்கு முன் வந்து தலைவணங்குவது வழக்கமாக அந்த ஓர் இரவில் மட்டுமே. ஆகவே மேடையாக்கத்தின் மீது கோபமுள்ளவர்கள் அதை நேருக்கு நேர் தெரிவிக்கக் கிடைக்கும் வாய்ப்பும் அது ஒன்றுதான். பாடகர்கள் வணங்கும்போது ஆரவாரமும், இயக்குநர் வரும்போது ஊளையும் ஒரே வாயிலிருந்து எழுவதை அங்கே சாதாரணமாகக் காணலாம். "அவையினர் கூச்சலிட்டனர்" என்று எழுதுபவர், திரைக்கு முன் அப்போது யார் நின்றிருந்தார் என்பதையும் எழுத வேண்டும். பிந்தைய வாரங்களில் சீட்டு வாங்கி வந்து அமைதியாகப் பார்த்துச் சென்றவர்களின் கருத்தை அறிய விரும்பினால், பத்தாவது காட்சிக்கும் ஒருமுறை போய் உட்கார வேண்டும்.