சோர்ந்துபோன சிறிய பவளத் தொட்டியில் எதை முதலில் பார்ப்பது?

உப்புநீர்த் தொட்டியில் பவளங்கள் விரியாமல் சுருங்கிக் கிடந்தால், புதியவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு மருந்துப் புட்டியைத் திறந்து தண்ணீரில் ஊற்றிவிடுகிறார்கள். அந்தப் புட்டியை இப்போதைக்கு மூடி வையுங்கள். சிறிய தொட்டியின் தொல்லைகள் பல, நோயாலோ சத்துக் குறைவாலோ வருவதில்லை. தண்ணீரின் தன்மை நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால் வருகின்றன. ஆகவே அளந்து பார்க்கும்வரை எதையும் சேர்க்க வேண்டாம்.

படி 1: உப்பும் வெப்பமும்

தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 40 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் ஆவியானால், 35 பிபிடி (ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவு) இருந்த உப்புத்தன்மை ஏறத்தாழ 36.8 ஆகிவிடும், அதே 2 லிட்டர் 400 லிட்டர் தொட்டியில் குறைந்தால் 35.2-ஐக்கூட எட்டாது. பெரிய தொட்டி வைத்திருப்பவர் மூன்று நாள் கவனிக்காமல் இருந்தாலும் தப்பித்துக்கொள்வதும், சிறிய தொட்டி வைத்திருப்பவர் மாட்டிக்கொள்வதும் இதனால்தான்.

இலக்கு 35 பிபிடி, அதாவது ஒப்படர்த்தி (சுத்த நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) சுமார் 1.026. உப்பை அளக்கும், ஊசி அசையும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை முழுதாக நம்பாதீர்கள். ஊசியில் காற்றுக்குமிழ் ஒட்டினால் அது அளவைக் கூட்டிக் காட்டும், உப்பு படிந்தால் குறைத்துக் காட்டும். என் முதல் தொட்டியில் மூன்று வாரம் உணவையும் கால்சியத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஓய்ந்த பிறகுதான், ஊசியில் படிந்திருந்த உப்பு என் கண்ணில் பட்டது. ஒளி விலகலைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இதைவிட மேலானது. ஆனால் அதைச் சுத்த நீரில் பூஜ்யமாக்கினால் மட்டும் போதாது, 35 பிபிடி அளவுத் திரவத்தைக் கொண்டும் சரிபார்க்க வேண்டும்.

உப்பு கூடியிருந்தால், தொட்டி நீரில் சிறிது எடுத்துவிட்டு அதே அளவு நன்னீரை ஊற்றுங்கள். குறைந்திருந்தால், ஆவியான நீருக்கு ஈடாக நன்னீருக்குப் பதில் உப்புநீரை ஊற்றி வாருங்கள். எந்தத் திசையிலும் ஒரு நாளைக்கு 1 பிபிடிக்கு மேல் நகர்த்த வேண்டாம். உலர்ந்த உப்பைத் தொட்டிக்குள் நேராகத் தூவுவது கூடவே கூடாது. அது விழுந்த இடத்தில் பவளத்தின் திசு வெந்துபோகும்.

வெப்பநிலை 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். ஹீட்டரில் குறித்துள்ள எண்ணை விட்டுவிட்டுத் தனி வெப்பமானியால் காலையிலும் மாலையிலும் பாருங்கள். சூட்டைத் தணிக்க மின்விசிறி வைத்தால் ஆவியாதல் கூடும், அதனால் உப்பும் ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 2: அம்மோனியா

கழிவும் இறந்த உயிரும் அழுகுவதால் உண்டாகும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அம்மோனியா தென்பட்டால் பாறை இடுக்கில் இறந்த நத்தையோ மீனோ இருக்கிறதா என்று தேடி எடுங்கள். உப்பும் வெப்பமும் பொருந்திய புது நீரால் கால்பங்கை மாற்றுங்கள். இரண்டு நாள் உணவு போட வேண்டாம். துறவி நண்டு கழற்றிப் போட்ட மேலோட்டைச் செத்த நண்டு என்று எண்ணிப் பதறுவது எல்லோருக்கும் ஒருமுறை நேர்வதுதான்.

படி 3: ஊற்றும் நீரும் பாசியின் நிறமும்

குழாய் நீரில் பாசிக்குச் சத்தாகும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் ஆகியவை இருக்கலாம். செம்பும் இருந்துவிட்டால் நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் அது நஞ்சு. மீன் நோய்க்கான செம்பு மருந்துகளைப் பவளத் தொட்டியில் ஊற்றக் கூடாது என்பதும் இதனால்தான். ஆர்ஓ வடிகட்டிக்குப் பின், மிச்சமுள்ள அயனிகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ பிசினும் உள்ள கருவியின் நீரே ஏற்றது. நீரில் கரைந்த பொருட்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் அதில் 0 காட்ட வேண்டும்.

புதுத் தொட்டியின் மணலில் முதல் சில வாரங்களில் படரும் பழுப்புத் தூள் டயட்டம் என்ற நுண்பாசி ஆகும். அது தானே அடங்கும். பச்சை நூல்பாசி சத்து மிகுந்ததற்கு அடையாளம். ஆனால் அந்தப் பாசியே நைட்ரேட்டை உறிஞ்சிவிடுவதால் சோதனைக் குழாய் பூஜ்யம் காட்டி உங்களை ஏமாற்றலாம். அதைக் கையால் பிடுங்கி எடுத்துவிட்டு, உணவைக் குறைத்து, வாரம் 10 முதல் 15 சதவீத நீரை மாற்றுங்கள். சிவந்த வழுவழுப்பான போர்வையாகப் படர்வது சயனோபாக்டீரியா, ஒளியில் வளரும் பாக்டீரியா. அதைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, அந்த மூலைக்கு நீரோட்டத்தைத் திருப்புங்கள்.

சளிபோல் இழைஇழையாகத் தொங்கி, பகலில் குமிழ்களைச் சுமந்து, இரவில் மெலிந்துபோகும் பழுப்புப் படலம்தான் உண்மையான சோதனை. இது டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒருசெல் நுண்ணுயிராக இருக்கக்கூடும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்ட தொட்டிகளில் இது அடிக்கடி தலைதூக்குவதால், இன்னும் சுத்தம் செய்யச் செய்ய நிலைமை மோசமாகலாம். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்ற அளவில் வைத்திருப்பதே நல்லது. இறந்துவிடுமோ என்ற பயத்தில் தொட்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பவர்கள் பவளத்தைப் பட்டினி போடுகிறார்கள்.

படி 4: காரத்தன்மை

இதை மூன்று நாள் தொடர்ந்து, தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். 7 முதல் 11 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) வரை எந்த எண்ணிலும் பவளம் வாழும். இன்று 7, நாளை 10 என்று தாவினால்தான் கடினப் பவளத்தின் நுனிகள் வெளுத்து உரியும். ஒரு நாளைக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் உயர்த்த வேண்டாம். கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மெக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம் இருந்தால் போதும். சில பவளங்களே உள்ள சிறிய தொட்டிக்கு இவற்றை வாராந்திர நீர்மாற்றமே பெரும்பாலும் ஈடுசெய்துவிடும்.

படி 5: ஒளி

பவளம் வெளுத்தால், அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் வெளியேறிவிட்டன என்று பொருள். வெப்பம் சரியாக இருக்கும் நிலையில், புதிய எல்இடி விளக்கையே முதலில் சந்தேகியுங்கள். ஒளியைப் பாதியாகக் குறைத்து, பவளத்தை மணல்மட்டத்துக்கு இறக்கி, சில வாரங்களில் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். வெளுத்த பவளத்தின் திசு எலும்புக்கூட்டின் மேல் இன்னும் ஒட்டியிருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது, எடுத்து எறிந்துவிடாதீர்கள்.

ஒரு மாற்றம் செய்த பின் அடுத்த மாற்றத்துக்கு ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். அம்மோனியா மட்டுமே இதற்கு விலக்கு. மென்பவளங்கள் சில நாட்களில் விரியத் தொடங்கலாம், கடினப் பவளங்களுக்கு மாதங்களும் ஆகலாம். அதுவரை புதிய உயிர் எதையும் தொட்டிக்குள் விட வேண்டாம்.