கிளையின் வாசலைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

ஊருக்குப் போகும் எல்லோரிடமும் உறவில் யாராவது ஒருவர் ஏதாவது கேட்பார். இந்த முறை என்னிடம் கேட்டது அக்கா. "தம்பி, தாய்மாமன் சீர் என்று நீ எதுவும் செய்ய வேண்டாம். பாப்பாவுக்குத் தையில் கல்யாணம். அதற்குள் பத்துப் பன்னிரண்டு கிலோ குறைந்தால் நல்லது என்று மாப்பிள்ளை வீட்டில் ஜாடையாகச் சொல்கிறார்கள். அந்த எடைக் குறைப்பு கிளினிக்கில் மட்டும் சேர்த்துவிடு."

பதினாறு ஆண்டுகளாக லண்டனில் இருக்கிறேன். அந்தப் பெண்ணின் காதுகுத்துக்கு வரவில்லை. சடங்குக்கும் வரவில்லை, பணம்தான் வந்தது. அப்படிப்பட்டவன் அக்கா வாய் திறந்து கேட்கும்போது என்ன விசாரிக்க முடியும்? ஒன்றும் விசாரிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் இறங்கிய மறுநாளே வேளச்சேரிக் கிளைக்கு மூவரும் போனோம். வரவேற்பில் இருந்த பெண் டேப்லெட்டில் இந்திய வரைபடத்தைக் காட்டினார். கிளை இருக்கும் இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. சென்னையில் மட்டும் ஐந்து. மதுரைக்குத் தெற்கே ஒரே ஒரு புள்ளி, திருநெல்வேலியில். "நாடு முழுவதும் எந்தக் கிளையில் வேண்டுமானாலும் தொடரலாம் சார்" என்றார். அக்கா வீடு கோவில்பட்டியில். அங்கிருந்து நெல்லை ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான், வாரம் ஒரு நாள் போய்வரலாம் என்று கணக்குப் போட்டேன். 72,000 ரூபாய் கட்டினேன். அக்கா மகள் வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் வைத்துவிட்டு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றாள். அந்த வளையல்கள் எத்தனை கிராம் இருக்கும்? அப்போதே அவளிடம் நான் பேசியிருக்க வேண்டும்.

நெல்லையில் அந்த முகவரிக்குப் போனபோது காலை பத்தரை மணி. மாடிப்படி சரி, கதவு எண் சரி. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக ஒரு நீள்சதுரம், நான்கு மூலைகளிலும் திருகாணித் துளைகள். கதவில் பூட்டு. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார்: "சித்திரையிலேயே காலி செய்துவிட்டார்கள் அண்ணாச்சி. உங்களைப் போல வாரத்துக்கு நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்." நாங்கள் நின்றது ஆடி மாதக் கடைசியில். மூன்று மாதத்துக்கு முன்பு மூடிய கிளைக்கு எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். படியிலேயே நின்று அவர்களுடைய செயலியைத் திறந்து பார்த்தேன். சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது.

வாடிக்கையாளர் எண்ணை அழைத்தால் மதுரைக்குப் போகச் சொன்னார்கள். கோவில்பட்டியிலிருந்து நூறு கிலோமீட்டர். போனோம். அங்கே மேலாளர் ரசீதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சென்னைக் கம்பெனியின் ரசீது. நாங்கள் பெயரை மட்டும் வாங்கி நடத்துகிறோம். அங்கே கட்டிய பணம் எங்களுக்கு வராது. இங்கே சேர வேண்டுமென்றால் தனியாகக் கட்டுங்கள்" என்றார். சென்னையை அழைத்தால், ரசீதின் பின்பக்கத்தில் பணம் திருப்பித் தரப்படாது என்று அச்சிட்டிருக்கிறதே என்கிறார்கள். மேலதிகாரி அழைப்பார் என்றார்கள், அழைக்கவில்லை. மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினால் ஒரு எண் வந்தது. அந்த எண்ணைச் சொன்னால் வேறொரு துறை என்றார்கள். இருபத்தொரு நாள் விடுப்பில் ஏழு நாள் இப்படிப் போயிற்று. அந்த ஏழு நாளும் அம்மா மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

அதனால் சொல்கிறேன். கிளைப் பட்டியலில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று எண்ணாதீர்கள். சிகிச்சைக்குப் போகப்போகிறவர் எந்தக் கதவைத் தட்டுவார் என்று கேளுங்கள். இப்படிப்பட்ட கிளினிக்குகள் வாடகை கட்டுப்படியாகும் இடத்தில், சம்பளக்காரர்கள் அடர்ந்திருக்கும் இடத்தில்தான் நிற்கும். பெருநகரங்களில் நிறுவனமே நேரடியாக நடத்துவதும், சிறிய நகரங்களில் உள்ளூர் ஆளுக்குப் பெயரைக் கொடுத்து நடத்தச் சொல்வதும் இந்தத் தொழிலில் வழக்கம். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே நிறப் புள்ளிதான். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் பாதிக்கு மேல் புள்ளியே இல்லாமல் இருப்பதை அந்தப் பெண் காட்டிய படத்திலேயே பார்த்திருக்கலாம். என் கண் நெல்லையோடு நின்றுவிட்டது.

இரண்டு கிளைகளும் ஒரே உரிமையாளருடையவையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மதுரையில்தான் கற்றேன். ரசீதில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். முதல் இரண்டு மாநிலத்தின் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். அந்தப் பத்தும் இரண்டு கிளை ரசீதுகளிலும் ஒன்றாக இருந்தால் ஒரே உரிமையாளர். வேறாக இருந்தால் வேறு ஆள், பெயர்ப்பலகை மட்டுமே பொது. பணம் கட்டும் முன் ஊரிலுள்ள கிளையின் ரசீது மாதிரி ஒன்றைக் கைபேசியில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ரசீதை உங்கள் பெயரில் போடாதீர்கள், ஊரில் இருப்பவர் பெயரில், அவருடைய கைபேசி எண்ணோடு போடச் சொல்லுங்கள். மாதத் தவணைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். தவணை என்பது பெரும்பாலும் வேறொரு நிதி நிறுவனம் தரும் கடன். கிளினிக் மூடினாலும் கடன்காரன் மூடமாட்டான். சிகிச்சை என்று சொன்னால், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வாங்கிய பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், மருத்துவரின் பதிவு எண்ணையும் கேளுங்கள்.

ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். பணம் கட்டியவர் வெளிநாட்டில் இருந்தாலும், அவர் சம்மதத்தோடு சேவையைப் பெற்றவரும் நுகர்வோர்தான்.

மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அக்கா தூங்கிவிட்டாள். அவள் மகள் மடியில் எவர்சில்வர் டப்பா, உள்ளே அவித்த கொண்டைக்கடலை, திறக்கவே இல்லை. ஆறு மாதமாக முடி கொட்டுகிறது, எப்போதும் அசதியாக இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னாள். "இந்தக் கிளினிக்கெல்லாம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன் மாமா. நீங்கள் லண்டனிலிருந்து வந்து பணமும் கட்டிவிட்டீர்கள். அப்புறம் யாரிடம் சொல்வது?"

மறுநாள் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கு அவளும் நானும் மட்டும் போனோம். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருத்துவரைப் பார்த்தோம். அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டு குறைபாடு. 72,000 ரூபாய் வாங்கிய இடத்தில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று அளந்தார்களே தவிர, இந்தப் பரிசோதனையைப் பற்றி யாரும் பேசவில்லை. இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. எடை குறையும்போது குறையட்டும் என்று அக்காவிடம் நானே சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு மணி நேரம்தான் இந்தப் பயணத்தில் தாய்மாமனாக நான் இருந்த நேரம்.

பாதிப் பணம் தருகிறோம் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. நாங்கள் சம்மதிக்கவில்லை. தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவை அக்கா மகளே எழுதி எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். நெல்லையின் பூட்டிய கதவைப் பற்றி ஒரு முழுப் பத்தி இருக்கிறது. அவள் எடையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.