விமானத்துக்கு முன்னால் தேதி: போர் விமான மாடல் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முதன்முதலில் அமைத்த காட்சி, 1940இல் பிரிட்டன் வானத்தில் நடந்த சண்டையின் ஒரு மூலை. புல்தரை, மணல் மூட்டைகள், அழைப்பு மணிக்காக நாற்காலியில் சாய்ந்து காத்திருக்கும் விமானிகள், நடுவில் ஒரு ஸ்பிட்ஃபயர், பிரிட்டிஷ் போர் விமானத்தின் மாடல். பார்த்துப் பார்த்துச் செய்தது. கண்காட்சியில் வைத்திருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "தம்பி, உங்க விமானம் நாலு வருஷம் முன்னாடியே வந்துடுச்சே" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார்.

அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. இறக்கையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள்! 1944 ஜூன் 6 நார்மண்டித் தரையிறக்கத்தின்போது நேச நாட்டுப் பீரங்கிகள் தம் விமானங்களையே சுட்டுவிடக்கூடாது என்று, சில நாட்களுக்கு முன்புதான் அவசர அவசரமாக அடித்த பட்டைகள் அவை. வெள்ளை மூன்று, கறுப்பு இரண்டு. ஒற்றை இன்ஜின் விமானத்தில் ஒவ்வொன்றும் 18 அங்குல அகலம். பட்டை மட்டுமா? என் விமானத்துக்கு நான்கு அலகுள்ள புரொப்பெல்லர். இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒரே அளவு ரேடியேட்டர். அது 1942இல் வந்த மார்க் 9 என்ற வகை. 1940இல் சண்டையிட்ட மார்க் 1இல் ஒரு பக்கம் ரேடியேட்டர், மறுபக்கம் ஒல்லியான ஆயில் கூலர் மட்டும்தான். பெட்டிப் படம் அழகாக இருந்தது, வாங்கிவிட்டேன். அப்புறம்தான் அதற்கு ஒரு போரைத் தேடினேன்.

இந்தப் பொழுதுபோக்கில் நான் பார்த்த தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான். தனியாக அலமாரியில் நிற்கும் விமானம் எந்த ஆண்டாக இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. அதன் பக்கத்தில் ஒரு சிப்பாயையும் ஒரு லாரியையும் வைத்த நொடியில் அது ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில் நிற்கிறது என்று ஆகிவிடுகிறது. அந்த நாள் எது என்று முடிவு செய்யாமல் வாங்கக்கூடாது.

குறிகள் காட்டிக்கொடுக்கும்

தேதியை முதலில் சொல்லிவிடுவது விமானத்தின் மேலிருக்கும் குறிகள்தான். அமெரிக்க நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போரில் நுழைந்தபோது வெள்ளை நட்சத்திரத்தின் நடுவில் ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. ஜப்பானிய விமானங்களின் சிவப்புச் சூரியக் குறியோடு குழம்புகிறது என்று 1942 மே மாதம் அதை எடுத்துவிட்டார்கள். 1943 கோடையில் இருபுறமும் வெள்ளைப் பட்டிகள் சேர்ந்தன, சுற்றிலும் சிவப்பு ஓரத்தோடு. சில மாதங்களிலேயே அந்தச் சிவப்பு ஓரமும் நீலமாக மாறியது. பட்டிக்குள் சிவப்புக் கோடு வந்தது 1947இல். ஆக, 1944இல் களம் கண்ட பி-51டி மஸ்டாங்குக்கு நடுவில் சிவப்பு வட்டம் ஒட்டினால், விவரம் தெரிந்தவர் சிரித்துவிடுவார். பர்மா முனையில் இதே பயம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் வட்டக் குறியிலிருந்து சிவப்பையே முழுதாக நீக்கிவிட்டார்கள். ஐரோப்பிய டெக்காலோடு (குறிகள் அச்சிட்ட ஒட்டுத்தாள்) ஒரு பிரிட்டிஷ் ஹரிகேன் விமானத்தை பர்மாக் காட்டில் நிறுத்த முடியாது.

ஜப்பானிய ஜீரோ போர் விமானத்திலும் இதே கதை. பேர்ல் ஹார்பர் காட்சிக்குக் கரும்பச்சை ஜீரோவை வைப்பவர்கள் நிறைய. 1941 டிசம்பரில் அந்தத் தாக்குதலுக்கு ஜப்பானிய விமானம் தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பியவை உடல் முழுதும் பழுப்பு கலந்த வெளிர் சாம்பல். பச்சை வந்தது போரின் பிற்பாதியில். ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் நிறத்துக்கும் முன்னால் உருவத்தைப் பார்க்க வேண்டும். 1940இன் 'ஈ' வகைக்கு இறக்கை முனை வெட்டிவிட்டதுபோல் சதுரமாக இருக்கும், வாலுக்கு அடியில் முட்டுக் கம்பிகள் இருக்கும். பின்னால் வந்த 'எஃப்' வகையில் முனை உருண்டுவிட்டது, கம்பிகளும் போய்விட்டன.

ஆதாரம் தேடும்போது இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, இன்றும் விமானக் காட்சிகளில் பறக்கும் பழைய விமானங்கள். அவை பளபளவென்று பெயின்ட் அடித்து, நவீன ரேடியோ ஆன்டெனா வைத்துப் பறப்பவை. உருவத்துக்கு அவற்றை நம்பலாம், நிறத்துக்கு நம்பக்கூடாது. இரண்டாவது, கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அந்தக் காலத்துச் சில ஃபிலிம்களுக்குச் சிவப்பு தெரியாது, மஞ்சளும் இருண்டுதான் விழும். படத்தில் கறுப்பாகத் தெரிகிறதே என்று மஞ்சள் வளையத்தைக் கறுப்பாக அடித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், நான்தான்.

அளவு விஷயத்தில் சமரசம்

1/72 என்ற விகிதம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிறான், அவ்வளவுதான் கணக்கு. 1942இல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானத்தை அடையாளம் காணும் பயிற்சிக்காகப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர மாடல்கள் கேட்டது. அவையும் இந்த விகிதத்தில்தான். 1/48இல் நான்கடி ஓர் அங்குலம், 1/144இல் பன்னிரண்டடி.

எண்ணில் பார்த்தால் 72க்கும் 48க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை 1/72இல் ஏறக்குறைய 15.6 செ.மீ., 1/48இல் 23.4 செ.மீ. நீளம் ஒன்றரை மடங்கு, மேசையில் அடைக்கும் இடம் இரண்டேகால் மடங்கு. பி-17 குண்டுவீச்சு விமானத்தை 1/48இல் வாங்கினால் இறக்கை 66 செ.மீ. சாதாரண அலமாரித் தட்டு அதைத் தாங்காது. வாங்குவதற்கு முன் செய்தித்தாளில் சிலுவை வடிவில் வெட்டி, வைக்கப்போகும் இடத்தில் போட்டுப் பாருங்கள். கேலியாகத் தோன்றலாம், ஆனால் அந்தக் காகிதச் சிலுவை எனக்கு இரண்டு வாங்கல்களை மிச்சப்படுத்தியிருக்கிறது.

பெரிய சிக்கல் மற்ற மாடல்களோடு சேர்க்கும்போதுதான் வரும். டாங்கிகள் பெரும்பாலும் 1/35, பெரிய விமானங்கள் 1/32. பக்கத்துப் பக்கத்து எண்கள்தானே என்று சேர்த்துவிடுவார்கள். தொலைவில் நிறுத்தினால் தெரியாது. விமானத்துக்குக் கீழே நிற்கும் மெக்கானிக் 1/35இல் இருந்தால் பள்ளிப் பையன் மாதிரி இருப்பான். போர் விளையாட்டு ஆடுபவர்களின் 28 மில்லிமீட்டர் சிப்பாய்களோடு இது இன்னும் குழப்பம். அவர்களுக்குத் தலையும் கையும் வேண்டுமென்றே பெரிதாக வார்க்கப்பட்டிருக்கும், கூடவே காலடியில் ஒரு தட்டு. கணக்குப்படி ஏறக்குறைய 1/56 என்பார்கள். என் கண்ணுக்கு 1/48 விமானம்தான் அவர்களோடு ஒட்டுகிறது. 1/72 விமானத்தின் காக்பிட்டுக்குள் அந்தச் சிப்பாய் அடங்கவே மாட்டான். பழைய கிட்டுகளில், அதாவது நாமே ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் அடங்கிய பெட்டிகளில், இன்னொரு கண்ணி: ஒரே அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக, விமானத்தையே ஏதோ ஒரு விகிதத்துக்குச் சுருக்கியிருப்பார்கள். பெட்டியில் விகிதம் அச்சிடவில்லை என்றால் இறக்கையை அளந்து, நிஜ அளவோடு வகுத்துப் பார்த்துவிடுங்கள்.

விகிதங்களைக் கலக்கவே கூடாதா என்றால், ஒரே ஓர் இடத்தில் கலக்கலாம், தூரம் காட்டுவதற்கு. 25,000 அடியில் பறக்கும் பி-17ஐ 1/72 சிப்பாய்களுக்கு மேலே நியாயமான உயரத்தில் தொங்கவிட வேண்டுமானால் நூறு மீட்டருக்கு மேல் கூரை வேண்டும். அதற்குப் பதில் பின்னணியில் 1/144 விமானத்தை வைத்தால் கண் தானாக அதைத் தொலைவு என்று எடுத்துக்கொள்ளும். ஓடுபாதைக்கும் இதே நியாயம். ஒரு கிலோமீட்டர் ஓடுபாதை 1/72இல் பதினான்கு மீட்டர். முழு விமானத் தளத்தையும் அமைக்க ஆசைப்பட்டு, கடைசியில் பஸ் நிறுத்தம் போல் ஆக்கிவிடுவார்கள். விமானம் நிறுத்தும் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

தரையில் நிற்கும் விமானம்

நிறுத்தப்பட்ட விமானத்துக்கென்று ஓர் உடல்மொழி உண்டு. ஸ்பிட்ஃபயர் விமானிகள் தரையிறங்கியதும் இறக்கை மடிப்புகளை, அதாவது ஃப்ளாப்புகளை, மேலே ஏற்றிவிடுவார்கள். எனவே ஆள் இல்லாமல் நிற்கும் ஸ்பிட்ஃபயருக்கு ஃப்ளாப் இறங்கியிருந்தால் உறுத்தும். மஸ்டாங்கில் நேர் எதிர். இன்ஜின் நின்று ஹைட்ராலிக் அழுத்தம் குறையக் குறைய ஃப்ளாப்பும் உள்பக்கச் சக்கரக் கதவும் தாமாகவே தொங்கிவிடும். அய்லரான்கள், அதாவது விமானத்தைச் சாய்க்க இறக்கைகளின் பின்விளிம்பில் அசையும் பலகைகள், இரண்டையும் கீழ்நோக்கி ஒட்டுவது இன்னொரு பிழை. ஒன்று இறங்கினால் மற்றது ஏறும், அதுதான் அவற்றின் வேலையே.

பி-38, பி-25, மீ 262 போல மூக்கில் சக்கரம் உள்ளவற்றின் மூக்குக்குள் எடை வைக்க மறந்தால் அவை வாலில் உட்கார்ந்துவிடும். இரண்டு பாதிகளையும் ஒட்டிய பிறகு நினைவு வந்து பயனில்லை. அப்புறம், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜின் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே முகமூடி மாட்டிய விமானியையும் உட்கார வைக்காதீர்கள். அவர் எங்கே போகப் போகிறார்?

அழுக்கைக் கூட்டுவது

பழையதாகக் காட்டுவது ஒரு போதை. தகடு இணையும் கோடுகளைக் கறுப்பால் நிரப்பி விமானத்தைச் சதுரங்கப் பலகை ஆக்கிவிடுகிறோம். 1/72இல் 0.3 மி.மீ. அகலக் கோடு என்றால் நிஜ விமானத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி, விரல் நுழையும் பிளவு.

பெயின்ட் உதிர்ந்து அலுமினியம் தெரிவதுபோல் வெள்ளிப் புள்ளி வைப்பதற்கு முன், அங்கே அலுமினியம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். மாஸ்கிட்டோ மரத்தாலான விமானம். ஹரிகேனின் பின்உடல் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. இந்த இரண்டிலும் வெள்ளிக் கீறல் வைத்த மாடல்களைப் பரிசு மேசையிலேயே பார்த்திருக்கிறேன். நிஜத்தில் தேய்வது இறக்கையின் வேர்ப்பகுதி, விமானியும் மெக்கானிக்கும் ஏறி மிதிக்கும் இடம். முழு அழுக்கையும் அங்கே கொட்டுங்கள், மற்ற இடத்தில் கையை இழுத்துப் பிடியுங்கள்.

வாங்குவதும் வைத்திருப்பதும்

அரிய மாடல், நாளைக்கு விலை ஏறும் என்று வாங்குபவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. கிட் தயாரிப்பவர்கள் பழைய அச்சையே புதுப் பெட்டியில் போட்டு மறுபடி விடுவார்கள், அன்றோடு அந்த அருமை போச்சு. புதுப் பெட்டி என்பதால் புது மாடல் என்றும் நம்ப வேண்டாம், உள்ளே நாற்பது வருடப் பழைய அச்சு இருக்கலாம். ரெடிமேட் டை-காஸ்ட்களில், அதாவது உலோகத்தில் வார்த்த மாடல்களில், ஒரே அச்சுக்குப் பல நிறம் பூசி, பல வகை விமானங்களாக விற்பதும் உண்டு. ஆனால் ஜெர்மன் விமானங்களின் வாலில் ஸ்வஸ்திகா இல்லாமல் இருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்ட ஜெர்மன் சட்டத்தில் தடை இருப்பதால் பலர் டெக்காலில் அதைச் சேர்ப்பதில்லை.

பழைய துத்தநாகக் கலவை வார்ப்புகளை வாங்கும்போது மயிரிழை விரிசலைத் தேடுங்கள். உலோகத்தில் ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்திருந்தால், காலப்போக்கில் வார்ப்பு உப்பி, வெடித்து, பொடிந்துவிடும். இதற்கு மருந்து இல்லை. ஈயம் கலந்த சக்கரக் கால்களையும் பொம்மைகளையும் ஓக் மர அலமாரியில் பூட்டி வைப்பதும் வேண்டாம். அந்த மரம் விடும் அசிட்டிக் அமில ஆவியில் அவற்றின் மேல் வெள்ளை மாவு பூத்துவிடும். சில பழைய கிட்டுகளின் வினைல் டயர்கள் தாம் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கையே மெல்லக் கரைத்துவிடும், அவற்றுக்குப் பதில் ரெசின் சக்கரம் போட்டுவிடலாம். காக்பிட் கண்ணாடியை சூப்பர் குளூவால் ஒட்டினால் அதன் ஆவி உள்ளே புகைபோல் படிந்துவிடும். வெள்ளைப் பசைதான் சரி.

வெயில் படும் ஜன்னலோரம் மாடலுக்கு ஆகாது, நிறம் வெளுக்கும். ஆனால் பாருங்கள், மஞ்சளடித்துப்போன பழைய டெக்கால் தாளை அதே ஜன்னல் கண்ணாடியில் சில நாட்கள் ஒட்டி வைத்தால் மஞ்சள் குறைந்துவிடும்.

அந்தப் பட்டை போட்ட ஸ்பிட்ஃபயரை நான் விற்கவில்லை. அதன் தேதிக்கு ஒரு மூலை அமைத்துக் கொடுத்தேன்: 1944 ஜூன், நார்மண்டியில் அவசரமாகப் போட்ட ஒரு தற்காலிக ஓடுதளம். பிரிட்டனிலிருந்து மார்க் 9 விமானங்கள் குண்டு மாட்டும் கொக்கியில் பீர் பீப்பாய் தொங்கவிட்டுக் கொண்டுபோய்ச் சிப்பாய்களுக்குக் கொடுத்தன. என் விமானத்தின் இறக்கைக்கடியிலும் இப்போது ஒரு பீப்பாய் தொங்குகிறது. 1/72இல் சுண்டுவிரல் நகம் அளவுதான். வருகிறவர்கள் பட்டையை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.